நிழலில் எடுத்த அளவுகள்

கற்பிட்டிக்குத் திரும்பி வந்த புதிதில், நான் என்ன வேலை பார்த்தேன் என்பதை ஊராருக்கு விளக்க முயன்றேன். சில மாதங்களில் அந்த முயற்சியைக் கைவிட்டேன். பள்ளிவாசலில் என்னைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவின. நான் அமெரிக்காவில் ரொக்கட் ஓட்டியவன் என்பது ஒன்று. வானிலை அறிக்கை எழுதியவன் என்பது மற்றது. இரண்டாவது கருத்துக்காரர்கள் கடலுக்குப் போகுமுன் என்னிடம் காற்றைப் பற்றிக் கேட்டார்கள். நான் சொன்னது ஒருமுறையும் சரிவராததால் அவர்களும் கேட்பதை நிறுத்தினார்கள். உடப்பிலிருந்து கருவாடு வாங்க வரும் ஒருவர் மட்டும் செவ்வாய்க் கிரகம் என்றதும் கிட்டே வந்து, தன் மகளின் சாதகத்தில் அது ஏழாம் இடத்தில் நிற்பதாகவும், ஏதாவது செய்ய வழியுண்டா என்றும் கேட்டார். அது வேறு திணைக்களம் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் பார்த்த வேலை அவ்வளவு கவர்ச்சியானதல்ல. செவ்வாயைச் சுற்றும் ஒரு விண்கலத்தில் ஏழெட்டுக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றை எப்போது இயக்குவது, எப்படி இயக்குவது, அது அனுப்பும் எண்களில் எவற்றை நம்புவது, எவற்றை ஒதுக்குவது என்ற ஒழுங்குமுறைகளை எழுதுவதும், அவற்றை எவரும் மீறாமல் பார்த்துக்கொள்வதும் என் உத்தியோகம். ஐரோப்பாவின் ஒரு குளிர் ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்தேன். கட்டளை ஒன்றை அனுப்புமுன் இருவர் வாசிக்க வேண்டும், மூன்றாமவர் ஒப்பமிட வேண்டும் என்பதுபோன்ற விதிகளை எழுதுகிறவனை யாரும் விருந்துக்கு அழைப்பதில்லை. ஆனால் அவன் விடுமுறையில் போனால் எல்லோரும் தொலைபேசி எடுப்பார்கள்.

கருவி என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு நீண்ட கம்பி, அதன் நுனியில் ஓர் உலோக உருண்டை. என் மனைவி அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, "இந்தத் தேசிக்காய்க்கா இவ்வளவு பேர் சம்பளம் வாங்குறீங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்குத் தேசிக்காய் என்றே பெயர். அளவும் ஏறக்குறைய ஓர் எலுமிச்சம்பழம்தான்.

செவ்வாயின் காற்று மெல்லியது. அதன் மேல்விளிம்பில் வெயில் பட்டு, அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்று மிதக்கும். அந்த மின்னேறிய அடுக்கைத்தான் அயன்மண்டலம் என்கிறோம். நமது தலைக்கு மேலும் ஒன்று இருக்கிறது. பூமியின் அயன்மண்டலத்தைக் காக்க ஒரு பெரிய காந்தப்புலம் உண்டு. செவ்வாய்க்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்று அந்த அடுக்கை நேராக வந்து தட்டுகிறது, சுரண்டுகிறது, அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு கிரகம் தன் காற்றை எப்படி இழந்தது என்பதை அறிய வேண்டுமானால் அந்த அடுக்கில் எத்தனை இலத்திரன்கள், எவ்வளவு சூட்டில் உலவுகின்றன என்று தெரிய வேண்டும். தேசிக்காய் அதைத்தான் அளந்தது. உருண்டைக்கு எதிர்மின் அழுத்தம் கொடுத்து, படிப்படியாக அதை நேர்மின் பக்கம் ஏற்றுவோம். சுற்றியுள்ள இலத்திரன்கள் வந்து ஒட்டும். அதனால் ஓடும் சிறு மின்னோட்டத்தைப் பதிவோம். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். அந்த வளைகோட்டை வாசிப்பதிலேயே பலர் தலை நரைத்தது.

நான் ஓய்வுபெற்ற பின்னர் எனக்குப் பதிலாக வந்தவர் தனியார் நிறுவனம் ஒன்றுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக யாரும் நியமிக்கப்படவில்லை. தேசிக்காயின் பெயரால் பேச இந்த உலகில் எஞ்சியிருந்தது சம்பளமில்லாத ஆலோசகன் என்ற பட்டத்தோடு கற்பிட்டியில் உட்கார்ந்திருந்த நான்தான்.

போன ஆவணி மாதத்துக்குச் சற்று முன்னர், திட்டத்தின் தலைவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இளைஞர், மரியாதையானவர், ஒரு வரியில் சொல்லக்கூடியதை ஒருபோதும் ஒரு வரியில் சொல்லாதவர். சுருக்கம் இதுதான்: விண்கலத்தின் சூரியத் தகடுகள் மூத்துவிட்டன. செவ்வாய் சூரியனிலிருந்து விலகும் பருவம் வருகிறது. மின்சாரம் போதாது. தேசிக்காய், காந்தமானி, இந்த இரண்டில் ஒன்றை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அதன் சூடேற்றியும் நிற்கும். அந்தக் குளிரில் அதன் மின்சுற்றுகள் வெடித்துவிடும். நிறுத்திய கருவியைத் திரும்ப எழுப்ப முடியாது. எது என்று தீர்மானிக்க 'மாற்றுவழக்கு' கூட்டப்படும்.

மாற்றுவழக்கு என்பது நான் தமிழில் வைத்த பெயர். எங்கள் குழுவின் ஒரு வழக்கம் அது. தொடக்க காலத்தில் இப்படி ஏதாவது கருவிக்கு ஆபத்து வந்தால், அதன் பொறுப்பாளர் கூட்டத்தில் எழுந்து நின்று, தன் கருவி இல்லாவிட்டால் விஞ்ஞானமே நின்றுவிடும் என்று பேசுவார். அடுத்தவரும் அதையே பேசுவார். ஒருமுறை ஒருவர் அழுதும்விட்டார். அப்போதைய தலைவர் சலித்துப்போய் ஒரு விதியைக் கொண்டுவந்தார். கருவியின் பொறுப்பாளர் அதற்கு எதிராகப் பேச வேண்டும். போட்டிக் கருவியின் பொறுப்பாளர் அதற்கு ஆதரவாகப் பேச வேண்டும். தன் பிள்ளையின் குறைகள் பெற்றவருக்கு நன்றாகத் தெரியும், அடுத்தவர் பிள்ளையின் நல்ல குணங்களைச் சொல்லும்போது எவரும் மிகைப்படுத்துவதில்லை என்பது அவர் கணக்கு. கூட்டத்துக்கு முந்திய ஒரு வாரம் இரு தரப்பும் பேசிக்கொள்ளக் கூடாது. தன் கருவிக்காக வாதாடக் கூடாது. ஆனால் மற்றத் தரப்போ தலைவரோ கேள்வி கேட்டால் முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதிச் சேர்த்தவன் நான்.

காந்தமானியின் பொறுப்பாளர் என் வயதுப் பெண்மணி, ஓய்வுபெற மறுத்தவர். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதில்லை. அவர் தேநீர்க் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போவார். நான் கழுவுமிடத்தில் அறிவித்தல் ஒட்டுவேன். அவர் அந்த அறிவித்தலின் மேல் கோப்பையை வைப்பார். இப்போது அவர் என் தேசிக்காயின் உயிருக்காக மன்றாட வேண்டும். நான் அதைக் கொல்லும்படி வாதாட வேண்டும்.

எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. எதிர்வழக்கைத் தயாரிக்க உட்கார்ந்தேன். குறைகளுக்குப் பஞ்சமில்லை. கம்பி சற்று வளைந்திருந்தது. உருண்டையின் பூச்சு தேய்ந்திருந்தது. ஆனால் பெரிய குறை ஒன்று வேண்டும். எடுத்த அளவுகளில் எவ்வளவை நாங்களே ஒதுக்கிவிடுகிறோம் என்று எடுத்துக் காட்டினால் பலமாக இருக்கும் என்று தோன்றியது. பழைய விதிகளைத் திறந்தேன்.

விதி இது: விண்கலத்தின் நிழல் உருண்டையின் மேல் விழும்போது எடுத்த அளவுகளை ஒதுக்கிவிட வேண்டும். எங்கள் குழுவை நிறுவியவர், பயணம் தொடங்கிய பருவத்தில் எழுதியது. அவர் இப்போது இல்லை. காரணம் நியாயமானது. விண்கலம் வேகமாக ஓடும்போது, படகின் பின்னால் தண்ணீர் குழிவதுபோல, அதன் பின்னால் இலத்திரன்கள் வற்றிய ஒரு குழி உண்டாகும். உருண்டை அந்தக் குழிக்குள் அகப்பட்டால் அளவு பிழைக்கும். அந்தப் பருவத்தில், அளவெடுக்கும் இடங்களில் விண்கலம் சூரியனை நோக்கியே ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே நிழலும் குழியும் ஒரே பக்கம் விழுந்தன. நிழலைக் கணக்கிடுவது சுலபம். அதனால் 'குழி' என்று எழுத வேண்டிய இடத்தில் அவர் 'நிழல்' என்று எழுதினார். அன்றைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் அன்றைய சுற்றுப்பாதைக் கோணங்களை எடுத்து, இன்றைய கோணங்களோடு ஒப்பிட்டேன். பாதையின் தளம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. திரும்பியிருந்தது. நிழல் ஒரு பக்கம், குழி இன்னொரு பக்கம். விதிகளுக்கு யாரும் காலாவதித் திகதி போடுவதில்லை. பால்மாப் பெட்டிக்குத்தான் போடுகிறார்கள்.

இதிலே இன்னொன்றும் உண்டு. வெயில் பட்டால் உருண்டையே இலத்திரன்களைக் கக்கும். இலத்திரன்கள் அடர்ந்த இடத்தில் அது பரவாயில்லை. அந்திவிளிம்பில், அதாவது செவ்வாயின் பகல் முடிந்து இரவு தொடங்கும் ஓரத்துக்கு மேலே, அயன்மண்டலம் மிக ஐதானது. அங்கே வெயிலில் எடுத்த அளவு பாதிக்குமேல் உருண்டையின் சொந்தச் சரக்கு. நிழலில் அந்தக் குழப்பம் இல்லை. கிரகத்தின் காற்று தப்பி ஓடுவதும் அந்த ஓரத்தில்தான். ஆக, நாங்கள் எதை அளக்கப் போனோமோ, அதை மிகச் சுத்தமாக அளந்த அளவுகளைத்தான் வருடக்கணக்காக ஒதுக்கி வைத்திருந்தோம். பூமிக்கு வந்து, குறி இடப்பட்டு, எவரும் திறக்காத கோப்புகளாக அவை கிடந்தன.

அதிர்ச்சியில் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் ஆணம் கேட்டேன். கேட்டவிதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"என்ன நடந்த?" என்றாள் மனைவி.

விளக்கினேன். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. முற்றத்தில் அவள் நிழல் பார்த்துப் போட்டிருந்த கதிரை சற்று முன்னர்தான் காற்றில் குப்புற விழுந்தது. அதைக் காட்டினேன். "அந்த இடத்துல வெயிலுக்கு மறைப்பு இரிக்கி. காத்துக்கு மறைப்பு இல்ல. ரெண்டும் ஒண்டு எண்டு நினைச்சி வருசக்கணக்கா நடத்தியிரிக்கம்."

"அப்ப தேசிக்காய் பிழ செய்யல்ல."

"இல்ல."

"அப்ப அதச் சொல்லிக் காப்பாத்துங்களே."

"ஏலாது. நான் எதிராத்தான் பேசணும்."

"அப்ப அந்தப் பொம்புளைக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அவதானே ஆதரவாப் பேசப்போறா."

"ஒரு கிழமைக்கு முன்ன இருந்தே கதைக்கக் கூடாது. நேத்தோட அந்தக் கிழம தொடங்கிட்டு."

மனைவி என்னை நன்றாகப் பார்த்தாள். "உங்களுக்கு விசரா? உங்கட வாழ்க்கையில பாதிய அந்தச் சாமானுக்குக் குடுத்தீங்க. இப்ப அது மவுத்தாகப் போற நேரம், பக்கத்துல மருந்த வச்சிக்கிட்டு விதி பேசுறீங்க. நீங்க விதியத்தான் நிக்காஹ் செஞ்சிரிக்கணும்."

"விதி சமைக்காது" என்றேன். அது புத்திசாலித்தனமான பதிலல்ல என்பது இராச்சாப்பாட்டில் தெரிந்தது. பாணும் சம்பலும்தான்.

விதியை மீறுவது எனக்குக் கஷ்டம் என்பது பாதி உண்மை. மீதி உண்மை வேறு. அந்தச் செய்தியை நான் களவாகக் கொடுத்து, அது வெளியே தெரியவந்தால், கூட்டமே செல்லாததாகிவிடும். தேசிக்காய் அன்றே நிறுத்தப்படும். ஆகவே வேறு வழி தேடினேன். எதிராகப் பேச வேண்டும், சரி. ஒரு கருவியின் குழு தன் அளவுகளையே வாசிக்காமல் விட்டது, அந்தக் கருவிக்கு எதிரான குற்றச்சாட்டுத்தானே? பலமான குற்றச்சாட்டு. உண்மையும்கூட. அதை வைப்பேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கேட்பது மற்றத் தரப்பின் வேலை. கேட்டால் முழுமையாகப் பதில் சொல்வது என் கடமை. அவர் கேட்பாரா என்பதுதான் பிரச்சினை. கேட்டால், தன் காந்தமானிக்கே ஆபத்து.

கூட்டத் திகதி பக்கத்தூர்த் தலவில திருவிழாவுக்குள் வந்து விழுந்தது. இதை ஐரோப்பாவில் யாருக்கும் விளக்க முடியாது. திருவிழா நாட்களில் புனித அன்னம்மாள் கோயிலுக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் சனம் வரும். கூடாரம் போட்டுத் தங்கும். சமைக்கும், பாடும், அனைவரும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வீடியோ எடுத்து அனுப்புவார்கள். நமது கைபேசிகளில் நான்கு கோடு நிற்கும், ஒன்றும் போகாது. அதனால் மனைவியின் தம்பியின் வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. அவர் கனமூலையில் தேங்காய் மொத்த வியாபாரி. தேங்காய்க் குவியலைக் கண்காணிக்க கமரா பூட்டியிருந்தார். கமராவுக்காக ஃபைபர் இணைப்பு எடுத்திருந்தார். அந்தக் குவியலுக்கு இருந்த இணைய வசதி எங்கள் வீட்டுக்கு இல்லை.

எதிரே பஸ்களும் லொறிகளும் வரிசையாகத் தலவிலைக்குப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் அதற்கு எதிர்த்திசையில் ஊர்ந்து கனமூலை போய்ச் சேர்ந்தபோது லுஹர் தொழுகை முடிந்திருந்தது. மச்சான் தன் காரியாலய அறையை எனக்காக ஒழித்துக் கொடுத்திருந்தார். ஒழித்தது என்றால் மேசையிலிருந்த தராசை நிலத்தில் வைத்திருந்தார்.

"ராத்தா எல்லாம் சொன்னா" என்றார். "மச்சான், நான் கேக்கிறண்டு கோவிக்க வாணாம். சொந்தச் சாமானுக்கு எதிராப் பேசவா இவ்வளவு தூரம் வேன் புடிச்சி வந்தீங்க?"

"ஓம்."

"அந்த மத்தப் பொம்புள உங்கட சாமானுக்கு நல்லதாப் பேசுவா?"

"ஓம்."

"பேசுறண்டு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"விதி அப்படி."

அவர் அக்காவைப் பார்த்தார். "என்ட தேங்காய் அழுகல் எண்டு நான் சொல்றதாம், நல்ல தேங்காய் எண்டு பக்கத்துக் கடக்காரன் சொல்றதாம். இப்படி யாவாரம் செஞ்சா ஒரு கிழமையில நான் றோட்டுல."

"அதான் இவங்க ஒருத்தரும் யாவாரம் செய்யல்ல" என்றாள் என் மனைவி.

கூட்டம் தொடங்கியது. திரையில் எட்டுப் பத்து முகங்கள். தலைவர் விதிகளை வாசித்தார். ஒரு விதியைத் தவறாக வாசித்தார். திருத்தினேன். காந்தமானிப் பெண்மணி கண்ணை மேலே உயர்த்தினார். தேசிக்காயின் வழக்கு முதலில். குற்றம் சுமத்துகிறவன் என்ற முறையில் நான் தொடங்கினேன். வளைந்த கம்பி, தேய்ந்த பூச்சு, இலத்திரன் அடர்த்தி குறைந்த இடங்களில் வெயிலால் வரும் பிழை. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். கடைசியாக, வீட்டில் பலமுறை எழுதி அழித்து எழுதிய வாசகம்: "இக்கருவியின் குழு, ஒதுக்கல் விதி ஒன்றை, அதன் காரணம் மாறிய பிறகும் மாற்றாமல் கடைப்பிடித்துவந்தது. அதனால் பெருமளவு அளவுகள் வாசிக்கப்படாமல் கிடக்கின்றன. தன் அளவுகளையே வாசிக்காத குழுவுக்கு மின்சாரம் ஒதுக்குவது நியாயமா என்பதைக் கூட்டம் யோசிக்க வேண்டும்."

சொல்லி முடித்தேன். மின்விசிறி நின்றது. திரை உறைந்தது. எல்லா முகங்களும் பாதி வாய் திறந்தபடி நின்றன.

"கரண்ட் போய்ட்டு!" என்று உள்ளேயிருந்து மச்சானின் மனைவி கத்தினாள்.

"ஜெனரேட்டர் போடு தம்பி, இவர் இப்ப என்னவும் ஆயிடுவார்" என்றாள் என் மனைவி.

மச்சான் கொட்டிலுக்கு ஓடினார். கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு முக்கல், பிறகு அமைதி. மறுபடி இழுவை. "பெற்றோல் இரிக்கா எண்டு பார்த்தீங்களா?" என்று கேட்ட தன் மனைவிக்கு அவர் சொன்ன பதிலை எழுதத் தேவையில்லை. நான் உறைந்த திரையில் காந்தமானிப் பெண்மணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ குறிப்பெழுதக் குனிந்த நிலையில் உறைந்திருந்தார். புரிந்துகொண்டு எழுதினாரா, கடைச்சாமான்களை நினைத்துக்கொண்டிருந்தாரா என்று ஒரு பக்கமாகத் தெரிந்த நெற்றியை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை. குற்றச்சாட்டை அவர் அப்படியே விட்டுவிட்டுத் தேய்ந்த பூச்சைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால், அதோடு முடிந்தது. யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

"ஆம்பியூலன்ஸ் மாதிரிச் சத்தம் போடுது" என்று மனைவி சொன்னபோது ஜெனரேட்டர் பிடித்திருந்தது. ரவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. இப்படிப்பட்ட விளக்குகள் வருவதை விண்கலம் செவ்வாயின் மறுபக்கத்திலிருந்து வெளிப்படும் போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அன்று போல் அவை மெதுவாக வந்ததில்லை.

திரையில் முகங்கள் அசைந்தன. காந்தமானிப் பெண்மணி பேசிக்கொண்டிருந்தார். "...ஆகவே அவர் திரும்பி வரும்வரை நான் மேலே செல்ல மாட்டேன். கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டு. அதை எழுதியவரே அவர்தான்."

"நான் வந்துவிட்டேன்" என்றேன். பின்னால் ஜெனரேட்டர் கர்ஜித்தது. எல்லோரும் காதிலிருந்து ஹெட்போனை விலக்கினார்கள்.

"ஒதுக்கல் விதியின் காரணம் மாறிவிட்டது என்றீர்கள். காரணம் என்ன? எப்படி மாறியது? முழுமையாகச் சொல்லுங்கள்" என்றார் அவர்.

அவர் தன் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். சொன்னேன். நிழல், குழி, திரும்பிய பாதை, அந்திவிளிம்பு. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு அந்தப் பெண்மணி எழுந்து நின்று, வீடியோக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டிய தேவை இல்லாவிட்டாலும் எழுந்து நின்று, தேசிக்காய்க்காகப் பேசினார். நான் இத்தனை வருடத்தில் அந்தக் கருவியைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. ஒரு கிரகம் தன் காற்றை இழக்கும் ஓரத்தை நிழலில் நின்று அளக்கக்கூடிய ஒரே கருவி இது, இதைக் கொல்வது மடத்தனம் என்றார். தன் காந்தமானியின் பெயரை அவர் ஒருமுறையும் எடுக்கவில்லை.

கதவருகே நின்ற மச்சானுக்கு ஆங்கிலம் போதிய அளவு தெரியும். "மச்சான், இவ உண்மையாவே பேசுறா" என்று மெதுவாகச் சொன்னார். தேசிக்காய் பிழைத்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

அப்போது தலைவர் ஒரு கேள்வி கேட்டார். இளைஞராக இருந்தாலும் சரியான கேள்வி. "இப்படி நிழலில் எடுத்து ஒதுக்கிய, நல்லவை என்று நீங்கள் கருதும் அளவுகள் எத்தனை சுற்றுகளுக்குக் கையிருப்பில் உள்ளன?"

கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம். 'சரிபார்க்க வேண்டும்' என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யல்ல. ஆனால் நான் ஏற்கனவே எண்ணி வைத்திருந்தேன். எண்ணி வைத்திருப்பவன் எண்ணவில்லை என்று சொல்ல முடியாது. "பல வருடத்துக்கு உரியவை" என்றேன். "ஒருவர் முழுநேரமாக வாசித்தாலும் முடிக்கப் பல வருடம் எடுக்கும்."

அடுத்தது காந்தமானியின் வழக்கு. அந்தப் பெண்மணி தன் கருவிக்கு எதிராக நன்றாகவே பேசினார். அதன் ஓர் உணரி அரைகுறையாக வேலை செய்வதையும், அதை ஈடுசெய்யும் கணக்கு எங்கே பிழைக்கலாம் என்பதையும் ஒளிக்கவில்லை. நான் அதற்கு ஆதரவாகப் பேசினேன். அந்தியில் தப்பி ஓடும் துகள்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதைக் காந்தப்புலம் தெரியாமல் சொல்ல முடியாது, சூரியன் கொந்தளிப்பாக இருக்கும் இந்தக் காலத்தில் அதை நிறுத்துவது பெருந்தவறு என்றேன். அது உண்மை. வேறு எப்படிப் பேசியிருக்க முடியும்?

முடிவு சுருக்கமாக வந்தது. தலைவர் எழுதியவற்றிலேயே மிகச் சுருக்கமானது. தேசிக்காயின் வாசிக்கப்படாத அளவுகள் ஏராளமாகக் கையிருப்பில் உள்ளன. புதிதாகச் சேர்ப்பதைவிட அவற்றை வாசிப்பதே பயன். காந்தமானிக்கு அப்படிப்பட்ட கையிருப்பு இல்லை. ஆகவே தேசிக்காய் நிறுத்தப்படும். ஒதுக்கப்பட்ட அளவுகளை வாசிக்கும் பொறுப்பு ஆலோசகருக்கு.

மச்சான் ஜெனரேட்டரை நிறுத்தினார். சத்தம் போன பிறகுதான் எவ்வளவு சத்தம் இருந்தது என்பது தெரிந்தது.

"விளங்கல்ல" என்றார். "சாமான் நல்லம் எண்டு நிரூபிச்சீங்க. அதாலேயே நிப்பாட்டினாங்களா?"

"ஓம். களஞ்சியத்துல சரக்கு நிறையக் கிடக்குது எண்டு தெரிஞ்சா ஆலைய மூடுறதுதானே."

"அப்ப எண்ணாம விட்டிரிக்கலாமே."

"எண்ணிட்டேன்."

மனைவி நிலத்திலிருந்த தராசைத் தூக்கித் திரும்ப மேசையில் வைத்தாள். மச்சானின் மனைவி பிளேன்டீயும் சீனியும் கொண்டுவந்து வைத்தாள். அங்கே யார் மவுத்தாகிவிட்டார் என்று அவளுக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும், அந்த முகங்களுக்கு என்ன தேவை என்பது தெரிந்திருந்தது.

கற்பிட்டிக்குத் திரும்பும் வழியில் நுரைச்சோலையைத் தாண்டும்போது தொலைபேசி அடித்தது. காந்தமானிப் பெண்மணி. இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தானாக அழைத்தது அதுவே முதல் தடவை.

"நீங்கள் ஒரு மடையர்" என்றார், வணக்கம் சொல்லுமுன்.

"நீங்கள் கேட்டிருக்கத் தேவையில்லை" என்றேன். "கேட்டிருக்காவிட்டால் சுலபமாக வென்றிருப்பீர்கள்."

"நீங்கள் அந்த வாசகத்தைச் சொன்ன விதத்தில் அதற்குள் ஏதோ இருந்தது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எப்படிக் கேட்காமல் விடுவது?" உடனே விஷயத்துக்கு வந்தார். "அந்தச் சுற்றுகளின் காந்தப்புல அளவுகள் உங்களுக்குத் தேவைப்படும். அனுப்பவா?"

"விண்ணப்பம் நிரப்ப வேண்டுமே."

"நிரப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சேருமுன் அளவுகள் வந்திருந்தன. விண்ணப்பத்தை நான் மறுநாள் நிரப்பினேன்.

நிறுத்தும் கட்டளை திருவிழா முடிந்த பிறகே அனுப்பப்பட்டது. இரண்டு பேர் வாசித்தார்கள், மூன்றாமவர் ஒப்பமிட்டார். எல்லாம் ஒழுங்காக நடந்தன. அன்று கற்பிட்டியில் சனம் குறைந்து, தொலைபேசிக் கோடுகளுக்கு மறுபடி அர்த்தம் வந்திருந்தது. வீட்டு மேசையிலிருந்தே பார்த்தேன். ஒளியின் வேகத்தில் போனாலும் கட்டளை அங்கே சேர ஒரு தேத்தண்ணியை ஆறவைத்துக் குடிக்கும் நேரம் எடுக்கும். அது நின்றது என்ற செய்தி வர இன்னொரு தேத்தண்ணி.

மனைவி பின்னால் வந்து நின்றாள். "இன்னும் இரிக்கா?"

"அங்க நிண்டு போச்சி. இங்க இன்னும் தெரியல்ல."

அவள் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கடைசி அளவுகள் ஒவ்வொன்றாக வந்தன. எதிர்மின் அழுத்தத்திலிருந்து வளைகோடு ஏறத் தொடங்கும், வளையும், நேராகும், முடியும். அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு ஒன்று ஏறத் தொடங்கி, வளையுமிடத்துக்கு வந்து, அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"இதுதானா?" என்றாள்.

"இதுதான்."

பாதியில் நின்ற ஏற்றங்களிலிருந்து அடர்த்தியையும் சூட்டையும் கணக்கிட முடியாது. அவற்றை ஒதுக்கிவிட வேண்டும் என்பது விதி. அதை மறுபடி வாசித்துப் பார்த்தேன். அதன் காரணம் மாறவில்லை. ஒதுக்கினேன். பிறகு நிழலில் எடுத்தவற்றின் முதற்கோப்பைத் திறந்தேன்.